எதிர்ப்பாட்டையும் படி, தாயி

ராசாத்தி தங்கத்துக்குப் பெரியம்மா எழுதுவது.

பங்குனித் திருவிழாவுக்கு உனக்கு முதல் நாடகம் பேசி முடித்தாயிற்றென்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம் ஒரு பக்கம், அடிவயிற்றுக் கலக்கம் ஒரு பக்கம். காலையில் எட்டு மணிக்கு எழுப்பினாலே சிணுங்குகிறவள், விடிய விடிய எப்படி முழித்திருக்கப் போகிறாய்?

டான்ஸ் வேஷம்தான் கொடுத்தார்கள், வள்ளி வேஷம் தரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாயாம். வேண்டாம் தாயி. ராத்திரி பத்து மணிக்குக் கூட்டத்தை உட்கார வைப்பதே பபூனும் டான்ஸும்தான். பபூன் போடுகிற குறும்புக் கேள்விக்கு, கால் தாளம் தப்பாமல், மூச்சு வாங்காமல் பதில் சொல்லிப் பழகு. நாளைக்கு வள்ளியாக நாரதரோடு தர்க்கம் பண்ணும்போது அதுதான் கைகொடுக்கும்.

நம்ம ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் ஒரு ஊரிலிருந்து. மேடையேறின பிறகுதான் யார் எப்படியென்று தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பித்தபோது, பிள்ளைகளைக் கூடவே வைத்துப் பாடம் சொன்னார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பிள்ளைகளாகச் சேர்ந்தவர்கள்தான். உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் உன் பாடத்தை மட்டும் நெட்டுருப் போட்டுவிட்டுப் போகாதே. முருகன் பாட்டு, நாரதர் பாட்டு, நம்பிராஜன் வசனம் எல்லாம் உன் வாயில் இருக்கட்டும். அறந்தாங்கிப் பக்கம் ஒரு ஊரில் நாரதர் திடீரென்று புதுக் கேள்வி ஒன்றைப் போட்டார். முருகன் பாட வேண்டிய விருத்தத்தையே எடுத்து நான் பதிலாகப் பாடினேன். ஆர்மோனியக்காரர் முகம் மலர்ந்து கூடவே வந்தார். அந்தச் சந்தோஷம் உனக்கும் வாய்க்க வேண்டும்.

போன உடனே ஆர்மோனியக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்லி, உன் சுருதிக் கட்டையைச் சொல்லிவிடு. வீம்புக்கு அஞ்சரைக் கட்டை என்காதே. ராத்திரி மூன்று மணிக்கும் தொண்டை எதில் நிற்குமோ அதைச் சொல். மைக் இல்லாத காலத்தில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாடினார்கள். உனக்கு மைக் இருக்கிறது, கத்தாதே. சித்திரை முடிகிறவரை ஐஸ்கிரீமை மறந்துவிடு. நீ மறக்க மாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

சலங்கை கட்டுவதற்கு முன்னால் மேடைப் பலகை முழுக்க ஒருதரம் நடந்து பார். ஆணி தலைநீட்டிக்கொண்டிருக்கும். ஊர், தேதி, பேசின சம்பளம், வாங்கின அட்வான்ஸ் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அன்றன்றைக்கே எழுது. விடிந்ததும் யாரோடு, எந்த வண்டியில் வருகிறாய் என்று போகும் முன்பே அம்மாவிடம் சொல்.

நாடகத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிடு. நான் பபூனாக உட்கார்ந்து உன்னைக் கேள்வி கேட்கிறேன். சாப்பிட்டுவிட்டு நாரதராகிறேன், அப்போது நீ வள்ளி.

அன்புடன்,
பெரியம்மா