இரண்டு நாள் மதுரை

பாட்டிக்கு வயது 70. பிறந்த ஊர் மதுரை. கல்யாணம் முடிந்ததும் கப்பல் ஏறி அந்தமானுக்கு வந்தார். போர்ட் பிளேரில் குடும்பம் நடத்தினார். 2024-ஆம் ஆண்டு அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. பாட்டி மட்டும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்.

பாட்டியின் மகனும் மருமகளும் இட்லிக் கடை நடத்துகிறார்கள். பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

ஒரு நாள் இரவு பாட்டி சொன்னார்: "சின்ன வயதில் என் அப்பா தெருமுனையில் பருத்திப்பால் வாங்கித் தருவார். இன்னொரு தடவை அதைக் குடித்துவிட்டால் போதும்."

"போய் வருவோம் அத்தை. எனக்கும் மதுரைச் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். நம் கடைக்கு உதவும்" என்றார் மருமகள்.

மகன் சிரித்தார். "சாப்பிடுவதற்காகக் கடல் தாண்டிப் போவார்களா?"

மருமகள் பதில் பேசவில்லை. ஒரு நோட்டை எடுத்தார். இரண்டு ஆண்டுக்கு முன்பு அவர் கைநாட்டு வைத்தவர். கற்போர் மையத்தில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர். நோட்டின் முதல் வரியில் 'மதுரைப் பயணம்' என்று எழுதினார்.

முதலில் கப்பல்

தீவில் இருப்பவர்கள் நினைத்த நாளில் புறப்பட முடியாது. கப்பல் போகும் நாளில்தான் போகலாம். சென்னைக்குக் கப்பலில் சுமார் மூன்று நாள் ஆகும். விமானத்தில் இரண்டரை மணி நேரத்திற்குள் போய்விடலாம். ஆனால் அதற்குச் செலவு அதிகம்.

எந்த மாதம் போவது? மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். சித்திரைத் திருவிழாவின்போது மதுரையில் கூட்டம் நெரியும். தங்க அறை கிடைப்பது கடினம். ஆகவே பிப்ரவரி மாதம் போவது என்று முடிவு செய்தார்கள்.

பேத்தி செய்தித்தாளில் வந்த கப்பல் அறிவிப்பைப் படித்துச் சொன்னாள். போகும் நாளையும் திரும்பும் நாளையும் மருமகள் குறித்துக்கொண்டார். பிறகு இப்படி எழுதினார்:

திங்கள் – கப்பல் ஏறுவது
வியாழன் – சென்னை சேர்வது, இரவு ரயில்
வெள்ளி, சனி – மதுரை
சனி இரவு – சென்னைக்கு ரயில்
ஞாயிறு, திங்கள் – சென்னையில் உறவினர் வீடு
செவ்வாய் – கப்பல் ஏறுவது
வெள்ளி – வீடு

"சென்னையில் எதற்கு இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும்?" என்று மகன் கேட்டார்.

"ரயில் தவறினாலும் கப்பல் தவறக் கூடாதுங்க. கப்பலை விட்டால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சாப்பாட்டுக்கும் தங்கவும் பணம் வேண்டும்" என்றார் மருமகள்.

கணக்கு இடித்தது

அடுத்த பக்கத்தில் செலவுக் கணக்கு எழுதினார்கள். கப்பல், ரயில், தங்கும் அறை, சாப்பாடு, கைச்செலவு என ஐந்து வரிகள். சாப்பாட்டுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்தார்கள். நான்கு பேர், இரண்டு நாள். மொத்தம் 4,000 ரூபாய்.

எல்லாவற்றையும் கூட்டினார்கள். உண்டியலில் இருந்த பணம் போதவில்லை. அது மட்டும் அல்ல. 12 நாள் கடையை மூட வேண்டும். பேத்திக்குத் தேர்வும் நெருங்குகிறது.

"இரண்டு நாள் சாப்பிடப் பன்னிரண்டு நாள் கடையை மூடுவதா? வேண்டாம், விட்டுவிடு" என்றார் மகன்.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார்.

மருமகள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்கு என்ற எண்ணை அடித்தார். அதன் மேல் இரண்டு என்று எழுதினார்.

"நானும் அத்தையும் போகிறோம். நீங்கள் கடையைப் பாருங்கள். பாப்பா பள்ளிக்கூடம் போகட்டும்."

"நீ தனியாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாயா?"

"நான்தான் படிப்பேனே" என்றார் மருமகள்.

மறுபடியும் கூட்டினார்கள். இரண்டு பேருக்குச் சாப்பாட்டுச் செலவு 2,000 ரூபாய்தான். கப்பல் கட்டணமும் ரயில் கட்டணமும் பாதியாகக் குறைந்தன. கடையும் மூட வேண்டியதில்லை. உண்டியல் பணம் போதும். கொஞ்சம் மீதியும் வந்தது.

மகன் நோட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு முறை கூட்டினார். "கணக்கு சரிதான். இட்லி நான் அவிப்பேன்" என்றார்.

எங்கே, என்ன சாப்பிடுவது?

மதுரை பழமையான நகரம். நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். உள்ளிருந்து வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. பெயர்ப் பலகையைப் படித்தால் கோயிலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். ரயில் நிலையம் மேல வெளி வீதியில் இருக்கிறது. அங்கிருந்து டவுன் ஹால் ரோடு வழியாகக் கோயிலுக்கு நடந்தே போகலாம்.

மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். சங்க நூலான மதுரைக்காஞ்சி அங்கே நாளங்காடி, அல்லங்காடி இருந்ததைச் சொல்கிறது. பகலில் நடக்கும் கடைத்தெரு நாளங்காடி. இரவில் நடப்பது அல்லங்காடி. இன்றும் மதுரையில் நள்ளிரவிலும் இட்லி கிடைக்கும்.

மருமகள் எழுதிய பட்டியல் இது:

வெள்ளிக்கிழமை. பாட்டி வெள்ளியன்று கறி சாப்பிட மாட்டார். காலையில் கோயில். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே சீக்கிரம் போக வேண்டும். பிறகு இட்லியும் நான்கு வகைச் சட்னியும். மாலையில் பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுப்பார்கள். கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சுவார்கள். தள்ளுவண்டியில் சுடச்சுடக் கிடைக்கும்.

சனிக்கிழமை. மதியம் அயிரை மீன் குழம்பு. அந்தமானில் கிடைப்பது கடல் மீன். அயிரை நல்ல தண்ணீரில் வளரும் சின்ன மீன். சுவையே வேறு. மாலையில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. இரவு கறிதோசை. தோசை மாவின் மேல் முட்டை ஊற்றி, அதன் மேல் கொத்துக்கறி போட்டுச் சுடுவார்கள். அதன் பிறகு ரயில்.

"ஜிகர் என்றால் இந்தியில் நெஞ்சு. தண்டா என்றால் குளிர்ச்சி. நெஞ்சுக்குக் குளிர்ச்சி!" என்றாள் பேத்தி. "ஆனால் எனக்குத்தான் கிடைக்காது."

"பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் வாங்கி வருகிறேன். பாலும் ஐஸ்கிரீமும் இங்கேயே இருக்கின்றன. வீட்டிலேயே செய்வோம்" என்றார் மருமகள்.

கடைசிப் பக்கத்தில் அவர் நான்கு வரிகள் எழுதினார்:

1. விலைப் பலகையைப் படித்த பிறகே சாப்பாடு சொல்ல வேண்டும். பில்லைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.
2. ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர வேண்டும். அப்போது பல வகை சாப்பிடலாம். வயிறும் கெடாது.
3. அத்தைக்குச் சர்க்கரை நோய். இனிப்பு இரண்டு வாய்தான். மாத்திரையை மறக்கக் கூடாது.
4. ரயில் எழும்பூரிலா, தாம்பரத்திலா? பயணச்சீட்டில் படித்துப் பார்க்க வேண்டும்.

புறப்படும் நாள் வந்தது. கப்பல் துறையில் மகன் பையை இறக்கி வைத்தார். பாட்டி மருமகளின் கையைப் பிடித்தார்.

"தாயி, அந்தப் பருத்திப்பால் எந்தக் கிழமை?"

மருமகள் நோட்டைத் திறந்தார். விரலை வைத்து மெதுவாகப் படித்தார்: "வெள்ளிக்கிழமை மாலை, அத்தை."

பேசுவோம்

1. போகும் நாளோடு திரும்பும் நாளையும் மருமகள் ஏன் முதலிலேயே குறித்தார்?
2. நான்கு பேர் என்பதை இரண்டு பேர் என்று மாற்றியதால் என்ன நன்மை?
3. மகன் முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஏன் சம்மதித்தார்?

கணக்குப் போடுவோம்

மூன்று பேர் இரண்டு நாள் மதுரையில் இருந்தால் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்? ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய்.

எழுதுவோம்

நீங்கள் போக விரும்பும் ஊர்: ____________
அங்கே சாப்பிட விரும்புவது: ____________
போகும் நாள்: ________ திரும்பும் நாள்: ________
கையில் உள்ள பணம்: ________ ஆகும் செலவு: ________