கழுகிறகும் சபை விதியும்

கேள்வி: கனடாவின் மாகாண சட்டமன்றங்களில் கட்சிக் கட்டுப்பாடு மிகக் கடுமை என்கிறார்களே? கொறடா சொல்கிறபடி ஓட்டுப் போடுவதைத் தவிர, ஒரு சாதாரண உறுப்பினரால் வேறென்ன செய்துவிட முடியும்?

பதில்: பெரும்பாலான நாட்களில் ஒன்றும் முடியாது. தொகுதி மக்களின் மனுக்களைப் பார்ப்பார், குழுக் கூட்டங்களில் உட்காருவார், மணி அடித்தால் ஓட்டெடுப்புக்கு ஓடுவார். ஆனால் மானிடோபா சட்டமன்றத்தை, இரண்டே ஆண்டு இடைவெளியில், இரண்டு தனி ஆட்கள் உலுக்கியிருக்கிறார்கள்.

முதலாமவர் ஜிம் வால்டிங். 1988 மார்ச்சில், தான் சார்ந்த புதிய ஜனநாயகக் கட்சி அரசின் பட்ஜெட்டையே எதிர்த்து ஓட்டுப் போட்டார். 28-க்கு 27. ஹோவர்ட் பாலி அரசு கவிழ்ந்தது. வடக்குப் பகுதி விவகார அமைச்சராக இருந்த எலைஜா ஹார்ப்பருக்கும் பதவி போனது.

இரண்டாமவர் அதே ஹார்ப்பர்தான். ரெட் சக்கர் லேக் பழங்குடியின் தலைவராக இருந்து, 1981-இல் ரூபர்ட்ஸ்லாந்து தொகுதியில் ஜெயித்து வந்தவர். 1990 ஜூனில் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். கியூபெக்கைத் தனித்தன்மை உள்ள சமூகமாக ஏற்கும் மீச் லேக் உடன்பாட்டுக்குப் பத்து மாகாணங்களும் ஜூன் 23-க்குள் ஒப்புதல் தந்தாக வேண்டும். காலம் நெருக்கியது. முன்னறிவிப்பு இல்லாமல் உடனே தீர்மானத்தை எடுக்க நினைத்தார் முதல்வர் கேரி ஃபில்மன். அதற்கு சபையில் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் போச்சு.

ஹார்ப்பரின் கட்சித் தலைமையும் உடன்பாட்டுக்குத் தலையசைத்திருந்தது. ஆனால் பழங்குடியினரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதப்பட்ட உடன்பாடு அது. சபாநாயகர் சம்மதம் கேட்டபோதெல்லாம், கையில் கழுகிறகைப் பிடித்தபடி, குரலை உயர்த்தாமல் "இல்லை" என்றார் ஹார்ப்பர். கெடு முடிந்தபோது மானிடோபாவில் ஓட்டெடுப்பே நடந்திருக்கவில்லை. நியூஃபவுண்ட்லாந்தும் தன் ஓட்டெடுப்பைக் கைவிட்டது. உடன்பாடு செத்தது.

அப்போது எடுத்த புகைப்படத்தில் எல்லோர் கண்ணும் அந்த இறகின் மேல்தான். நானோ சபை விதிப் புத்தகத்தைத்தான் சொல்வேன். மானிடோபாவின் பழங்குடித் தலைவர்கள் துணை நின்றதும், விதி எங்கே இடம் கொடுக்கிறது என்று தெரிந்திருந்ததும்தான் அந்த ஒற்றைச் சொல்லுக்கு வலு. மேடைப்பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை.

கட்டுப்பாட்டை மீறினால் என்ன ஆகும் என்பீர்கள். வால்டிங் அதன் பிறகு சட்டமன்றத்துக்குத் திரும்பவில்லை. ஹார்ப்பரோ 1990 செப்டம்பர் தேர்தலில், அதே கட்சியில், அதே தொகுதியில் மறுபடி ஜெயித்தார். பின்னர் லிபரல் கட்சிக்குப் போய், 1993-இல் சர்ச்சில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார், 1997-இல் தோற்றார். ஆளுங்கட்சி எம்.பி.யாக இருந்த அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை.