புங்கனூர்க் குட்டைப் பசு

ஆந்திராவில், சித்தூருக்கு வடமேற்கே புங்கனூர் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்து மாடுதான் புங்கனூர்ப் பசு. உயரம் சுமார் 3 அடி. சிறு பெண்கூடக் கயிற்றைப் பிடித்து ஓட்டிப் போகலாம்.

அது மழை குறைந்த சீமை. காய்ந்த புல்லைத் தின்றும் இந்தப் பசு தாக்குப்பிடிக்கும். நாளுக்கு 3 லிட்டர் கறந்தால் அதுவே நல்ல கறவை. ஆனால் பால் கெட்டியானது. வெண்ணெய் அதிகம்.

பிறகு ஏன் இந்த இனம் அருகிப் போனது? பால் கூட வேண்டும் என்று பலர் ஜெர்சிக் காளையின் சினை ஊசி போட்டார்கள். பிறந்ததெல்லாம் கலப்புக் கன்று. பால் கூடியது. தீனிச் செலவும் கூடியது. புங்கனூர்ப் பொலிகாளைகள் குறைந்தன. காளை இல்லாமல் இனம் ஏது?

பலமநேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காத்து வருகிறது. அது திருப்பதி கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

இன்று இந்தப் பசுவுக்கு லட்சக்கணக்கில் விலை. குள்ளமான மாடெல்லாம் புங்கனூர் அல்ல. தாயையும் காளையையும் விசாரித்தே வாங்க வேண்டும்.

பசு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி போடலாம். "புங்கனூர்க் காளை ஊசிதானா?" என்று முதலில் கேட்க வேண்டும். பெரிய இனத்தின் ஊசி என்றால் கன்று பெருத்துவிடும். சிறிய பசு ஈன முடியாமல் செத்தும் போகலாம். தகப்பன் காளையை மகளோடு சேர்க்கக் கூடாது. கன்று நலிந்து பிறக்கும். வேறு காளை கிடைக்கும்வரை காத்திருப்பதே நல்லது.