பெரியவரைக் கேட்கணும்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் அங்கே பல லட்சம் கொட்டி ஒரு சாஃப்ட்வேர் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து நான் போனபோது கம்ப்யூட்டரில் ஒரு ஸ்டாக், கணக்குப்பிள்ளையின் நோட்டில் இன்னொரு ஸ்டாக். எது சரி என்றேன். "பெரியவரைக் கேட்கணும்" என்றார் கணக்குப்பிள்ளை. பெரியவர் என்றால் முதலாளி.

‘பிசினஸ் ஆர்க்கிடெக்சர்’ என்று மேலாண்மைக்காரர்கள் சொல்லும் விஷயத்தை நான் புரிந்துகொண்டது அந்த ஆலையில்தான். தமிழில் தொழில் கட்டமைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் என்னென்ன செய்யத் தெரிந்தது, அதில் எது எதை நம்பி நிற்கிறது, எந்தத் தகவல் எங்கே பிறந்து எங்கே போகிறது, முடிவு யார் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒரே தாளில் பார்க்கும் வழி அது. இதைப் பற்றி நம் ஊரில் உலவும் சில நம்பிக்கைகளைப் பார்க்கலாம்.

நம்பிக்கை: சாஃப்ட்வேர் வந்துவிட்டால் ஒழுங்கும் வந்துவிடும்.

அந்த ஆலையில் ‘ஆர்டர்’ என்ற ஒரு சொல்லுக்கு மூன்று அர்த்தம் இருந்தது. விற்பனைக்காரருக்கு, பார்ட்டி போனில் "சரி, அனுப்புங்க" என்றாலே ஆர்டர். உற்பத்திப் பிரிவுக்கு, அட்வான்ஸ் வந்தால்தான் ஆர்டர். கணக்குக்கு, பில் போட்ட பிறகு. மூன்று பேரும் அவரவர் கணக்கில் சரி. சாஃப்ட்வேர் அந்த மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டியது. முன்பு வாய்ச்சண்டையாக இருந்தது இப்போது பிரின்ட் அவுட் எடுத்த சண்டையானது. சொல்லுக்குப் பொருள் முடிவான பிறகுதான் கம்ப்யூட்டருக்கு வேலை. அந்தப் பொருளை முடிவு செய்வது கட்டமைப்பின் வேலை.

நம்பிக்கை: இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம்.

சொல் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். 1987-ல் ஜான் சாக்மன் ஐபிஎம் ஆய்விதழில் எழுதிய கட்டுரைதான் ‘கட்டமைப்பு’ என்ற பேச்சைக் கணினி உலகில் பரப்பியது. பிறகு அது தொழிலுக்கும் நீண்டது. ஆனால் 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது இருந்தவை 11 படுக்கைகள்; அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கண் அறுவையில் டாக்டர் மட்டுமே செய்யக்கூடியது எது, பயிற்சி பெற்ற செவிலியர் செய்யக்கூடியது எது என்று அங்கே பிரித்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. ஒன்றில் அறுவை முடிவதற்குள் அடுத்ததில் நோயாளி தயார். டாக்டர் திரும்பினால் போதும். வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டவில்லை என்பது தெரிந்ததும், லென்ஸ் செய்யும் திறனே தங்களிடம் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்து 1992-ல் ஆரோலேப் தொடங்கினார்கள். எந்தத் திறனை வெளியே வாங்கலாம், எதை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இந்தக் கேள்வி பெட்டிக்கடைக்கும் உண்டு. டாக்டர் 2006-ல் மறைந்தார். மருத்துவமனை வளர்ந்தபடி இருக்கிறது.

நம்பிக்கை: எம்.டி. மேலே, மேனேஜர் கீழே என்று படம் போட்டு மாட்டியிருக்கிறோமே.

அது யார் யாரைத் திட்டலாம் என்பதற்கான படம். நூல் எப்படி நகர்கிறது, பணம் எப்படித் திரும்புகிறது என்பது அதில் இல்லை.

நம்பிக்கை: திண்டுக்கல் பூட்டைச் சாய்த்தது அலிகார் இயந்திரம்.

இது பாதி உண்மை. அதனால்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. அலிகார் பூட்டு மலிவு, உடனே கிடைக்கும், மறுக்க முடியாது. ஆனால் திண்டுக்கல் பட்டறை விற்றது வெறும் இரும்பையா? தகடு வெட்டி, லீவர் ஒவ்வொன்றையும் அரத்தால் அராவி, அதற்கென்றே ஒரு சாவி செய்யும் கைகள் இங்கே இருந்தன. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு, கோயில் கதவுக்கும் குடோனுக்கும் கேட்டபடி செய்து தரும் பூட்டு என்று எத்தனையோ வகை. ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பூட்டைச் செய்வார். அழகுதான். ஆனால் அளவும் வடிவமும் அவர் விரலில் இருந்தன, தாளில் இல்லை. மகன் டிரைவராகவோ மில் வேலைக்கோ போனால் அந்த வகைப் பூட்டு அந்த வீட்டோடு நின்றது.

டஜன் கணக்கில் மலிவாக விற்கும் சந்தை இயந்திரத்தின் சந்தை. கேட்டபடி செய்யும் சந்தை கைவினையின் சந்தை. இரண்டுக்கும் வேண்டிய திறன்கள் வேறு. வாங்க வருகிறவர்களும் வேறு. எதில் நிற்பது, அடுத்த தலைமுறைக்கு யார் சொல்லித் தருவது, பழுது பார்க்கும் சேவை யார் பொறுப்பு என்று ஊரே சேர்ந்து ஒரு வரைபடம் போட்டிருந்தால் கதை மாறியிருக்குமா? மாறியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது, முழுக்க இல்லாவிட்டாலும். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. அந்தக் குறியீடு பெயரைக் காக்கும். அரம் பிடிக்கும் கையை உருவாக்காது.

நம்பிக்கை: நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும், வரைபடம் எதற்கு?

1957-ல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கியபோது, அவர் தலையில் கட்டிய தலைப்பாகையே பிராண்ட் ஆகும் என்றோ, கடல் தாண்டிக் கிளை வரும் என்றோ யாரும் கணித்திருக்க முடியாது. கணிக்கத் தேவையும் இல்லை. ஒரே அடுப்படியில் சமைக்கும்வரை சீரக சம்பாவின் தரமும் மசாலா அளவும் முதலாளியின் மூக்கிலும் நாக்கிலும் இருந்தால் போதும். 400 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் அதே ருசி வேண்டுமென்றால், அரிசி வாங்குவது, மசாலா அரைப்பது, தம் போடுவது, ருசி பார்த்து ‘சரி’ சொல்வது எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து நிற்கவேண்டும். இன்றைக்கு என்ன இருக்கிறது என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தால், நாளைக்கு எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பேசவாவது முடியும். வருடம் ஒருமுறை அதைத் திருத்தவும் வேண்டும். கன்சல்டன்ட் கொடுத்த ஃபைல் அலமாரியில் தூங்கினால், அது அலமாரியின் கட்டமைப்புக்கு மட்டுமே உதவும்.

அந்த நூற்பாலைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை பெரியவரின் மகனும் கணக்குப்பிள்ளையும் நானும் உட்கார்ந்து, ஒரு ஆர்டர் போனில் வருவதிலிருந்து பணம் வந்து சேரும்வரை நடப்பதை ஒரு பெரிய தாளில் எழுதினோம். ‘பெரியவரைக் கேட்கணும்’ என்று வந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையால் ஒரு வட்டம். மொத்தம் ஒன்பது வட்டம். பஞ்சு எந்த ஊரில் வாங்குவது, யாருக்குக் கடன் தரலாம், எந்த கவுண்ட் நூல் ஓட்டுவது, எல்லாம் அதில் அடக்கம். மகன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்கு மறுவாரம் மதுரையில் கண்புரை ஆபரேஷன்.