அணைநீர்த் திறப்பும் ஆற்று மீன்களும்

அணைக்கட்டுகள் பாசனத்திற்கும் மின்சார உற்பத்திக்கும் இன்றியமையாதவை. ஆயினும், அவற்றிலிருந்து நீர் திறக்கப்படும் முறை, கீழ்நிலை ஆற்றில் வாழும் மீன்களின் வாழ்வையும் நிர்ணயிக்கிறது. அருகிவரும் மீன் இனங்கள் உள்ள ஆறுகளில் இதனை முறையாக ஆராய்வது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

மதகு திறக்கும்போது நிகழ்வது என்ன?

ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியிலுள்ள நீர் கோடையில் மேல்நீரைவிடக் குளிர்ந்திருக்கும். அதில் கரைந்துள்ள பிராணவாயுவும் குறைவு. அடிமதகின் வழியே இந்நீர் வெளிவந்தால், கீழே ஆற்றின் உஷ்ணநிலை திடீரெனத் தாழ்கிறது. மின்நிலையத்தின் தேவைக்கேற்ப நீர் ஒரு நாளிலேயே ஏறி இறங்கும்போது வேறொரு கேடும் உண்டு. நீர் உயர்கையில் கரையோரத்துக்கு வந்த மீன்குஞ்சுகள், நீர் வடிந்ததும் சிறு குட்டைகளில் சிக்கி மடிகின்றன. சரளைக் கற்களிடையே இடப்பட்ட முட்டைகள் காய்ந்துபோகின்றன. மழைக்கால வெள்ளம் தேக்கப்பட்டுவிட்டால், இனப்பெருக்கத்திற்காக ஆற்றில் ஏறவேண்டிய மீன்களுக்கு அதற்கான தூண்டுதலே கிடைப்பதில்லை. 1934-இல் மேட்டூர் அணை கட்டப்பட்ட பின்னர்க் காவிரியில் உல்லம் (ஹில்சா) மீனின் வரத்துக் குன்றியதும், 1975-இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கிய பின்னர்க் கங்கையின் மேற்பகுதியில் அம்மீன் அருகியதும் யாவரும் அறிந்தவை.

காவிரியின் கூன்முதுகு மஹசீர்

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத மீன் கூன்முதுகு மஹசீர். 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய இதற்கு நெடுங்காலம் உறுதியான விஞ்ஞானப் பெயர் இல்லை. 2018-இல்தான் 'டார் ரெமாதேவி' என்னும் இனமே இது என நிறுவப்பட்டது. அதே ஆண்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை மிகக் கடுமையான அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தது. நீலகிரி அடிவாரத்து மோயாறு இதன் எஞ்சிய புகலிடங்களுள் ஒன்று. அவ்வாற்றின் நீரோட்டமும் பைக்காரா முதலிய மின்திட்டங்களால் மாற்றமடைந்ததே.

காவிரியில் காலிபோரே என்னுமிடத்தில் தூண்டிலிட்டுப் பிடித்துத் திரும்ப விடப்பட்ட 6,000-க்கு மேற்பட்ட மஹசீர்களின் பதிவுகள் 1998 முதல் 2012 வரை உள்ளன. பிடிபட்ட மீன்களின் தொகையை மட்டும் நோக்கினால் அது பெருகியிருந்தது. இனவாரியாகப் பிரித்தபோதோ, பெருகியவை பிற ஆற்றிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர்கள் என்றும், கூன்முதுகு மஹசீர் தேய்ந்துகொண்டே வந்தது என்றும் தெரியவந்தது. இதிலிருந்து இரு படிப்பினைகள் கிடைக்கின்றன. இனம் அறியாமல் எடுக்கும் கணக்கு அழிவையே வளர்ச்சியாகக் காட்டிவிடும். இரண்டாவதாக, அந்நிய இனம், வெடிவைத்து மீன்பிடித்தல், மணல் எடுத்தல் ஆகியவற்றின் விளைவுகளைப் பிரித்தறியாமல் பழி முழுவதையும் அணையின்மேல் சுமத்தலாகாது.

களத்தில் செய்யவேண்டியவை

மதகு திறந்த நேரம், நீரின் அளவு, நீர்மட்டம், உஷ்ணநிலை, கரைந்த பிராணவாயு ஆகியவற்றைத் திறப்பிற்கு முன்னும், திறந்திருக்கையிலும், பின்னும் குறித்தல் வேண்டும். காவிரியில் பிலிகுண்டுலு நீரளவை நிலையத்தின் பதிவுகள் இதற்குப் பெரிதும் துணைசெய்யும். அணையின் பாதிப்பில்லாத ஒரு துணையாற்றிலும் அதே நாட்களில் அதே அளவைகளை எடுத்தால்தான் ஒப்புநோக்க இயலும். நீர் வடிந்தபின் கரைக்குட்டைகளில் சிக்கிய குஞ்சுகளை இனவாரியாக எண்ணி, உயிருள்ளவற்றை உடனே ஆற்றில் விடவேண்டும்.

ஹப்சிகுடாவின் பங்கு

அருகிய மீனை வலைவீசித் தேடுவதே அதற்குத் தீங்காகலாம். இங்கு உதவுவது சுற்றுப்புற டி.என்.ஏ. முறையாகும். மீனின் செதில், கோழை, கழிவு ஆகியவற்றிலிருந்து நீரில் கலக்கும் மரபுப் பொருளை வடிகட்டிப் பிரித்தெடுத்து, இனத்தை அறிகின்றனர். ஹைதராபாத் ஹப்சிகுடாவிலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் இத்தகைய முறையொன்றை வகுத்து, ஒடிசாவின் சிலிகா ஏரியில் பயன்படுத்தியுள்ளனர்.

ஓடும் ஆற்றில் இதனைக் கையாளுகையில் எச்சரிக்கை தேவை. திறந்துவிட்ட நீர் மரபுப் பொருளை நீர்க்கச் செய்யும். அதனைத் தொலைவுக்கு அடித்துச் செல்லும். நீர்த்தேக்கத்து மீன்களின் தடயத்தையும் உடன் கொணரும். ஆகவே நீரோட்டம் ஒரே அளவில் உள்ள வேளைகளிலேயே மாதிரிகளை எடுக்கவேண்டும். தடயம் கிடைக்காமை மட்டுமே மீன் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டு ஒரு பாலத்தடியில் நீர்மட்டத்தையும் உஷ்ணநிலையையும் காலை மாலை குறித்துவரச் செய்யலாம். இத்தகைய பதிவுகள் சேருமாயின், முட்டையிடும் பருவத்தில் மதகை எவ்வளவு மெதுவாகத் திறக்கவேண்டும், எவ்வளவு மெதுவாக மூடவேண்டும் என்று பொறியாளருக்கு எடுத்துக்கூற இயலும். ஓராண்டிற்குரிய மொத்த நீரளவைக் குறைக்காமலே, திறக்கும் முறையை மட்டும் மாற்றி ஓர் இனத்தைக் காக்க வழியுண்டா என்பது இவ்வளவைகளால்தான் விளங்கும்.