ஊசிக்கு முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை

பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. போடலாமா என்று அதனிடம் கேட்க முடியாது. பெற்றோர்தான் முடிவெடுக்க வேண்டும். பத்து வயதில் கதை வேறு. ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான டி.டி. ஊசி 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று என்பது தேசிய அட்டவணை. பள்ளி முகாமில் ஊசிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு அந்த வயதில் கேள்வியும் உண்டு, கருத்தும் உண்டு.

சட்டப்படி 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் சம்மதம் சம்மதமாகாது. அதைத் தாண்டினாலும் நம் மருத்துவமனைகள் 18 வயது வரை பெற்றோர் கையெழுத்தையே கேட்கின்றன. இங்கிலாந்தில் 1985இல் வந்த கில்லிக் தீர்ப்புக்குப் பிறகு, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் திறனிருந்தால் 16 வயதுக்குட்பட்டவரும் தாமே சம்மதிக்கலாம். இங்கே அந்த உரிமை இல்லை. அதனாலேயே பெரியவர்களுக்குப் பொறுப்பு கூடுகிறது.

செய்ய வேண்டியவை

• என்ன ஊசி, எந்த நோய்க்கு என்று முதல் நாளே சொல்லுங்கள். ஹெச்.பி.வி. ஊசி என்றால் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கு என்று மகளிடம் நேராகவே சொல்லலாம். மழுப்பினால் வகுப்புத் தோழி வேறு ஏதாவது சொல்லுவாள்.

• வலிக்கும் என்பதை மறைக்காதீர்கள். கை ஓரிரு நாள் கடுக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம்.

• வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். தடுப்பூசியே கூடாது என்று எந்தப் பிள்ளையும் கொள்கை முழக்கம் செய்வதில்லை. சுடிதார் கை இறுக்கமாக இருக்கும், தோள் வரை ஏற்ற முடியாது, எதிரே பையன்கள் நிற்பார்கள். ஒரு திரை கட்டினால் தீர்ந்தது. போன முறை மயங்கி விழுந்த பயம் என்றால் படுக்கவைத்துப் போடச் சொல்லலாம். அன்று வேண்டவே வேண்டாம் என்றால், அடுத்த புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளட்டும். டி.டி. ஒரு வாரம் தள்ளிப்போவதால் குடி முழுகிவிடாது.

• காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். வளரிளம் பருவத்தினரின் மயக்கம் பெரும்பாலும் பதற்றத்தால் வருவது.

செய்யக்கூடாதவை

• எந்தப் பதிலை ஏற்கமாட்டீர்களோ அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். “போட்டுக்கிறியா கண்ணு?” என்று கேட்டுவிட்டு, மாட்டேன் என்றதும் கையைப் பிடித்துப் போடுவது, கேட்காமல் போடுவதைவிட மோசம். நாய் கடித்த பிள்ளையிடம் ‘போடலாமா’ என்பதற்கே இடமில்லை; வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. “போட்டே ஆகணும், மடியில உட்கார்ந்துக்கிறியா, தனியா உட்கார்றியா?” என்று கேளுங்கள். அது நேர்மையான கேள்வி.

• “சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்” என்று மிரட்டாதீர்கள். நம் வீடுகளில் பாதி ஊசிப் பயம் சோற்றுத் தட்டில்தான் விதைக்கப்படுகிறது.

• அழுகிற பையனிடம் “ஆம்பளப் பையன் அழலாமா” வேண்டாம்.

• பெற்றோருக்குப் பதிலாகப் பள்ளி கையெழுத்துப் போடக்கூடாது. இது வெறும் நடைமுறை விஷயமல்ல. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பாத் என்ற அமைப்பின் ஆய்வுத் திட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. ஊசி போட்டார்கள். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பல படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும். சில சிறுமிகள் இறந்தபோது, ஊசிக்கும் மரணத்துக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்றே விசாரணைக் குழு கண்டது. ஆனாலும் சம்மதம் வாங்கிய லட்சணம் வெளியே வந்துவிட்டது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. நல்ல தடுப்பூசிக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு அந்தக் கையெழுத்துகளும் காரணம்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகாமுக்கு முதல் நாள் மாலை படிவத்தைக் கொடுத்து, மறுநாள் காலை கையெழுத்துடன் வரச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்பே, தமிழில் அச்சிட்டுக் கொடுத்தனுப்புங்கள். பிள்ளையே அதை வீட்டில் படித்துக் காட்டட்டும்.