நெற்பயிரின் பசியும் நம் உரக் கணக்கும்

நெல்வயல் சற்றே வெளிறித் தெரிந்தால் நம் ஊர்களில் முதலில் எழும் சொல், "ஒரு மூட்டை யூரியா போடு" என்பதே. பயிர் பசித்திருப்பது மெய்தான். ஆனால் எந்தச் சத்துக்காகப் பசித்திருக்கிறது என்று நாம் கேட்டோமா? பல வீடுகளில் உரச்செலவு கடன் பணத்தில் நடக்கிறது. ஆகவே தோழியரே, இக்கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும்.

இலையைப் பார்த்தே ஓரளவு அறியலாம். தழைச்சத்து குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளே முதலில் மஞ்சளாகும். ஏனெனில் பயிர் அச்சத்தைப் பழைய இலையிலிருந்து எடுத்து இளங்குருத்துக்குக் கொடுத்துவிடுகிறது. (சோறு குறைந்த நாளில் அம்மா தம் பங்கைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவதை நாம் அறிவோம்.) மாறாக, இளம் இலைகள் முதலில் வெளிறினால் கந்தகமோ இரும்போ குறைந்திருக்கலாம். நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகள் தோன்றிப் பயிர் குட்டையாக நின்றால், துத்தநாகக் குறை என்று ஐயுறலாம். மணிச்சத்துக் குறையோ நம்மை ஏமாற்றும்: இலை கரும்பச்சையாகவே இருக்கும், தூர் மட்டும் சரியாகக் கட்டாது.

மிகக் குறைவாக உள்ள சத்தே விளைச்சலின் அளவை முடிவு செய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இவ்விதியைப் பரப்பியவர் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக். பலகைகளை இணைத்துச் செய்த மரத்தொட்டியில் ஒரு பலகை குட்டையானால், அதன் உயரம் வரைதானே நீர் நிற்கும்? துத்தநாகம் இல்லாத வயலில் யூரியாவைக் கொட்டுவது, நெட்டைப் பலகையை மேலும் நெட்டையாக்குவதாகும். மிஞ்சிய யூரியாவால் பயிர் கொழுத்துப் புகையான் பூச்சிக்கு விருந்தாகும். காற்றடித்தால் சாய்ந்தும் விடும்.

இனி கணக்குக்கு வருவோம். மூட்டையிலுள்ளது முழுவதும் சத்து அன்று. யூரியாவில் தழைச்சத்து 46 சதவிகிதம். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவிகிதம். மூரியேட் ஆப் பொட்டாஷில் சாம்பல் சத்து 60 சதவிகிதம். மத்திய கால நெல்லுக்குப் பொதுவான பரிந்துரை எக்டேருக்கு 150:50:50 கிலோ. ஏக்கருக்கு அது 60:20:20 ஆகும். 60 கிலோ தழைச்சத்துக்கு யூரியா சுமார் 130 கிலோ வேண்டும். 2018 முதல் யூரியா 45 கிலோ மூட்டையாக வருவதால், இது மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவு. மணிச்சத்துக்குச் சூப்பர் 125 கிலோ, சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் 33 கிலோ. சூப்பருக்குப் பதில் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்று இட்டால், அதில் 23 கிலோ மணிச்சத்தோடு 9 கிலோ தழைச்சத்தும் இருக்கிறது. எனவே யூரியாவில் ஏறத்தாழ 20 கிலோவைக் கழிக்கவேண்டும். பலர் மறப்பது இந்தக் கழித்தலைத்தான்.

மணிச்சத்து முழுவதையும் அடியுரமாக இடலாம். யூரியாவையும் பொட்டாஷையும் நான்காகப் பிரித்து, அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் இடுவதே முறை. ஒரே தடவையில் கொட்டினால் பெரும்பகுதி காற்றோடும் நீரோடும் போய்விடும்.

இவை பொதுக் கணக்கு மட்டுமே. நம் வயலுக்குரிய கணக்கை மண் பரிசோதனையே சொல்லும். அறுவடைக்குப் பின், உரமிடுவதற்கு முன், வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுப்போம். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை விலக்குவோம். எல்லாவற்றையும் கலந்து பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் இறுதியில் அரைக் கிலோ நிற்கும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இடுவோம். உடன் வைக்கும் சீட்டில் பெயர், சர்வே எண், முன்பு விளைந்த பயிர், இனி விதைக்கப்போகும் பயிர் ஆகியவற்றை எழுதி, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுப்போம்.